முதல்ல சொன்னவர் எங்கே? (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழ்ல ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தோம். சின்னச் சின்ன முற்போக்குக் கட்சிகள் எல்லாரையும் விமர்சனம் பண்றாங்க, ஆனா தங்கள் மேல ஒரு வார்த்தை விழுந்தா தாங்க மாட்டேங்கிறாங்க, செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டதா சரித்திரமே கிடையாதுன்னு அவர் எழுதியிருந்தார். நாலே வரிதான். அதுக்கு வந்த கேள்விகள்தான் இந்த மாசம் மேஜை முழுக்க கிடக்கு, அதனால வேற எந்தக் கேள்வியையும் எடுக்கல, இதை முழுசா பேசிடலாம்னு தோணுச்சு. பாதிப் பேர் பேர் போட வேணாம்னு கேட்டிருக்காங்க, அதனால யார் பேரையும் போடல.

கேள்வி: அந்தக் கடிதத்தை ஏன் போட்டீங்க? எதிரிகள் கையில நாமளே கத்தி எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஆகாதா?

பதில்: இந்தக் கேள்வியை நான் குறைஞ்சது முப்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன் தோழர். 'இப்ப நேரம் சரியில்லை', 'எலக்‌ஷன் முடியட்டும்', 'மாநாடு முடியட்டும்', 'எதிரி சந்தோஷப்படுவான்' இப்படித்தான் எப்பவும் ஆரம்பிக்கும். சின்னக் கட்சிக்கு நேரம் சரியா இருந்த நாள்னு ஒண்ணு வந்ததே இல்லை. எப்பவும் ஏதாவது ஒரு வழக்கு, ஒரு தடை, ஒரு போராட்டம், கையில காசு இல்லாத ஒரு மாசம். அதனால அந்த 'பிறகு' வரவே வராது.

இன்னொண்ணும் சொல்லணும். எதிரிக்கு நம்ம தப்பு ஏற்கனவே தெரியும், தெரியாதது நம்ம கூட இருக்கிறவங்களுக்குத்தான், ராத்திரி பத்து மணிக்கு போஸ்டர் ஒட்டப் போற அந்தப் பையனுக்குத்தான் கடைசியா தெரிய வருது, அதுவும் வெளியில யாரோ சொல்லித் தெரிய வருது. அவன் முகம் எப்படி ஆகும்னு நான் பார்த்திருக்கேன். எதிரி சந்தோஷப்படுறதைவிட அது எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: அப்போ அவர் சொன்னது சரின்னு ஒத்துக்கிறீங்களா? சின்னக் கட்சிகளால விமர்சனத்தைத் தாங்கவே முடியாதா?

பதில்: 'சரித்திரமே கிடையாது'ன்னு சொன்னது தப்பு. தாங்குறது கஷ்டம்னு சொல்லியிருந்தா சரி.

ஏன் கஷ்டம்னா, பெரிய கட்சியில ஆயிரம் பேர் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் கட்சி நடக்கும். சின்னக் கட்சியில அஞ்சு பேர் போனா ஒரு கிளையே மூடிக்கும், பத்திரிகை நின்னுடும், ஏன்னா அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்தான் ப்ரூஃப் பார்க்கிறவர், ஒருத்தர்தான் சந்தா வசூல் பண்றவர். அதோட கட்சிதான் அவங்களுக்கு நட்பு, சொந்தம், கல்யாணம் எல்லாமே, அதனால ஒரு அரசியல் தீர்மானத்தை விமர்சனம் பண்ணினா அடுத்த நாள் நம்ம குழந்தையைத் தூக்கிக் கொஞ்சின ஆளே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவார். இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. சின்னக் கட்சியா இருக்கிறதே ஒரு நம்பிக்கையிலதான், ஊரே ஒரு பக்கம் நின்னாலும் நாம சொல்றதுதான் நியாயம்னு நினைக்கிற தைரியம் இல்லாம யாரும் அங்க போய் வாழ்க்கையைத் தொலைக்க மாட்டாங்க. அந்தத் தைரியம்தான் அவங்க பலம், எல்லாரும் எதிர்த்தாலும் அசையாம இருக்கிற அதே பழக்கம்தான் உள்ள இருந்து ஒருத்தர் நியாயமா சொன்னாலும் அசையாம இருக்க வைக்குது. ரெண்டும் ஒரே மரத்துல காய்க்குது.

லெனினையே எடுத்துக்குங்க. ஒரு கட்சி தன்னோட தப்புகளை எப்படிப் பார்க்குதுங்கிறதுதான் அது சீரியஸான கட்சியா இல்லையான்னு கண்டுபிடிக்கிற முக்கியமான அளவுகோல், தப்பை வெளிப்படையா ஒத்துக்கணும், காரணத்தைத் தோண்டிப் பார்க்கணும், திருத்துற வழியை அலசணும்னு 1920-ல எழுதினவர் அவர்தான். அடுத்த வருஷம், 1921 மார்ச்ல, க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்துல மாலுமிகளோட கலகம் நடந்துட்டு இருந்த நேரத்துல, 10-வது கட்சி காங்கிரஸ்ல (கட்சியோட முழு மாநாட்டைத்தான் அப்படிச் சொல்வாங்க) கட்சிக்குள்ள தனிக் குழுவா சேரக் கூடாதுன்னு தடைத் தீர்மானம் கொண்டுவந்ததும் அவர்தான். நெருக்கடிக்காகன்னு வந்த தடை, அப்புறம் பல பத்து வருஷத்துக்கு எடுக்கப்படவே இல்லை. இந்த ரெண்டு நிலையையும் நம்ம கட்சிகள் சேர்த்துத்தான் வாங்கிக்கிட்டாங்க, மேடையில முதல் வருஷத்தைப் பேசுவாங்க, கமிட்டி ரூமுக்குள்ள ரெண்டாவது வருஷத்தை நடத்துவாங்க.

கேள்வி: நேர்மையா தப்பை ஒத்துக்கிட்ட கட்சின்னு ஒண்ணாவது சொல்ல முடியுமா?

பதில்: முடியும். நம்ம நாட்டுலயே இருக்கு. 1975-ல இந்திரா காந்தி எமர்ஜென்சி கொண்டுவந்தப்ப இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரிச்சது. எதிர்க்கட்சித் தலைவர்கள் எல்லாம் ஜெயில்ல, பத்திரிகைகளுக்கு தணிக்கை, இவங்க ஆதரவு. 1971-ல 23 எம்.பி. ஜெயிச்ச கட்சி 1977-ல 7-க்கு வந்துது. 1978-ல பட்டிண்டாவுல நடந்த 11-வது கட்சி காங்கிரஸ்ல, எமர்ஜென்சியை ஆதரிச்சது தப்புன்னு தீர்மானமாவே ஒத்துக்கிட்டாங்க. அது சும்மா வார்த்தையா நிக்கல. கட்சியோட சேர்மனா இருந்த டாங்கே இந்திரா காந்தியோட காங்கிரஸ் கட்சி சார்பு நிலையை விடத் தயாரா இல்லை, கடைசியில 1981-ல அவரைக் கட்சியை விட்டே எடுத்தாங்க. கட்சியை ஆரம்பிச்ச தலைமுறையைச் சேர்ந்த ஒரு மனுஷரை இழந்தாலும் பரவால்லன்னு நின்னது சின்ன விஷயம் இல்லை. எலக்‌ஷன்ல தோத்ததாலதானே ஒத்துக்கிட்டாங்கன்னு நீங்க கேட்கலாம், கேட்கிறது நியாயம்தான், ஆனா தோத்த பிறகும் ஒத்துக்காத கட்சிகளைத்தான் நாம தினமும் பார்க்கிறோம்.

வெளிநாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஜெர்மனியோட பசுமைக் கட்சி. பிடிச்சதுன்னு சொல்றதே சங்கடமா இருக்கு, ஏன்னா விஷயம் அவ்வளவு மோசம். 1980-கள்ல, கட்சி புதுசா ஆரம்பிச்ச காலத்துல, பெரியவங்க குழந்தைங்ககிட்ட பாலியல் உறவு வச்சுக்கிறதைக் குற்றமாக்கக் கூடாதுன்னு பேசின குழுக்களுக்கு விடுதலை, சுதந்திரம்கிற பேர்ல கட்சிக்குள்ள இடம் கொடுத்திருந்தாங்க, சில உள்ளூர் அறிக்கைகள்ல அந்தக் கோரிக்கை ஏறவும் செஞ்சுது. 2013-ல இது மறுபடியும் பெரிய பிரச்சினையா வெடிச்சப்ப, 'அது அந்தக் காலம், அவங்க எல்லாம் இப்ப கட்சியில இல்லை'ன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். அவங்க என்ன பண்ணாங்கன்னா கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல இருந்த ஃப்ரான்ஸ் வால்டர்ங்கிற அரசியல் அறிஞர்கிட்ட ஆய்வை ஒப்படைச்சாங்க. அதே வருஷம் எலக்‌ஷன். பிரசாரம் சூடா நடக்கிறப்பவே, முக்கிய வேட்பாளரா இருந்த ட்ரிட்டினோட பேரே 1981-ல வந்த ஒரு உள்ளூர் அறிக்கைக்குக் கீழ பொறுப்பாளரா இருந்தது வெளியில வந்துது. அவர் அது தப்புன்னு ஒத்துக்கிட்டார். கட்சிக்கு 8.4 சதவீதம்தான் கிடைச்சுது. 2014-ல முழு அறிக்கை வந்தப்ப கட்சித் தலைமை மன்னிப்பும் கேட்டுச்சு.

இதுல நான் கவனிக்கச் சொல்றது மன்னிப்பை இல்லை, வெளி ஆளை உள்ள விட்டதை. நம்ம கட்சிகள்ல ஒரு கமிஷன் போட்டா அதுல மூணு பேரும் மாநிலக்குழு உறுப்பினர்களா இருப்பாங்க, அறிக்கை மாநிலக்குழுவுக்கே போகும், அங்கயே இருக்கும்.

கேள்வி: கட்சி பின்னாடி ஒத்துக்கிட்டா போதாதா? உங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?

பதில்: போதாது. இந்த மாசம் வந்த கேள்விகள்லயே இதுதான் முக்கியமானதுன்னு நினைக்கிறேன், கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், பொறுத்துக்குங்க.

பால் லெவிங்கிற ஒருத்தர். ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்ட பிறகு ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைமை தாங்கினவர். 1921 மார்ச்ல மத்திய ஜெர்மனியில கட்சி ஒரு எழுச்சிக்கு அழைப்பு விட்டுது, தொழிலாளர்கள் தயாரா இல்லை, பெரும்பாலானவங்க வரவும் இல்லை, வந்தவங்களை போலீஸ் நொறுக்கிடுச்சு, கட்சியில இருந்து லட்சக்கணக்குல ஆள் கழண்டுட்டாங்க. லெவி இது பைத்தியக்காரத்தனம்னு வெளிப்படையா ஒரு சின்னப் புத்தகமே போட்டார். ஏப்ரல்ல அவரைக் கட்சியை விட்டு நீக்கிட்டாங்க. அந்த வருஷக் கோடையில மாஸ்கோவுல கம்யூனிஸ்ட் அகிலத்தோட, அதாவது உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளோட கூட்டமைப்போட, 3-வது காங்கிரஸ் கூடுச்சு. லெவி சொன்ன விமர்சனத்தோட சாரத்தை ஏத்துக்கிட்டுத்தான் அங்க புது வழியைத் தீர்மானிச்சாங்க, லெனினே அவர் சொன்னதுல சாரமா பார்த்தா பெரும்பாலும் சரின்னு சொன்னார். ஆனா நீக்கினது நீக்கினதுதான், ஏன்னா அவர் கட்டுப்பாட்டை மீறிட்டாராம். விமர்சனம் உள்ள வந்துடுச்சு, விமர்சனம் பண்ணினவர் வெளியிலயே நின்னுட்டார்.

நூறு வருஷம் ஆயிடுச்சு, இந்தக் காட்சி மாறவே இல்லை தோழர். நம்ம நாட்டுல 1948-ல பி.டி. ரணதிவே தலைமையில இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்டப் பாதைக்குத் திரும்புச்சு, அது வரைக்கும் பொதுச் செயலாளரா இருந்த பி.சி. ஜோஷியை ஓரம் கட்டி, கடைசியில கட்சியை விட்டே வெளிய தள்ளினாங்க. அந்தக் காலத்துல ஜெயில்ல கிடந்த தோழர்கள் பட்டது கொஞ்சம் இல்லை, 1950 பிப்ரவரி 11-ம் தேதி சேலம் சிறையில துப்பாக்கிச் சூட்டுல 22 பேர் செத்துப் போனாங்க. சுட்டது அரசாங்கம், அந்தப் பழி அரசாங்கத்து மேலதான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா அந்தப் பாதை அதிதீவிரம்னு 1950-லயே கட்சி சொல்லி ரணதிவேயை மாத்திடுச்சு. ஜோஷியை 1951-ல திரும்பச் சேர்த்தாங்க, லெவியோட ஒப்பிட்டா அது நல்லதுதான், ஆனா பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இனி என் கதை. எனக்கு அப்ப 26 வயசு, ஒரு சின்னக் கட்சியில முழுநேர ஊழியர். எந்தக் கட்சின்னு சொல்லப் போறதில்லை. ஒரு ஸ்ட்ரைக்குக்காக உண்டி குலுக்கி நிதி சேர்த்தோம், நல்லா வந்துது. எட்டு மாசம் கழிச்சு கிளைக் கூட்டத்துல ஒரு தோழர் எழுந்தார், லேத் பட்டறையில வேலை செய்யறவர், அதிகம் பேசாதவர். 'தோழர், அந்த நிதிக்கு கணக்கு இன்னும் வைக்கல, எப்ப வைப்பீங்க'ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். செயலாளர் முகம் இறுகிப் போச்சு. 'இது கணக்குப் பிரச்சினை இல்லை, தலைமை மேல நம்பிக்கை இருக்கா இல்லையாங்கிற பிரச்சினை'ன்னு ஆரம்பிச்சு, இது குட்டி முதலாளித்துவ மனோபாவம் வரைக்கும் போயிட்டார். அப்புறம் ஒவ்வொருத்தரா அந்தத் தோழரைத் திட்டினோம். திட்டினாங்கன்னு எழுத வந்தேன், திட்டினோம்னுதான் எழுதணும், நானும் பேசினேன், நிர்வாகியோட நேர்மையைச் சந்தேகப்படுறவங்க எதுக்கு கட்சியில இருக்கணும்னு கேட்டேன். அவர் பதில் பேசல. சட்டைப் பையில இருந்து உண்டி ரசீதுகளோட அடிக்கட்டையை எடுத்து மேஜையில வச்சுட்டு உட்கார்ந்துட்டார். அன்னைக்கு மினிட்ஸ் எழுதினது நான்தான். 'நிதி குறித்து தோழர் ஒருவர் கருத்து தெரிவித்தார், விளக்கம் அளிக்கப்பட்டது'ன்னு எழுதினேன்.

ஆறு வருஷம் கழிச்சு மாவட்ட மாநாட்டு அறிக்கையில ஒரு வரி வந்துது, 'கடந்த காலத்தில் நிதி கையாளுவதில் சில குறைபாடுகள் ஏற்பட்டன'ன்னு. எல்லாரும் கை தட்டி ஏத்துக்கிட்டோம், சுயவிமர்சனம் பண்ணிக்கிட்ட கட்சின்னு பெருமையாக்கூட இருந்துது. ஏற்பட்டனவாம், மழை பெய்ததுன்னு சொல்ற மாதிரி. யார் கையாண்டாங்க, எவ்வளவு, யார் கேட்டாங்க, கேட்டவரை என்ன பண்ணோம், ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தோழர் அந்த ஹால்ல இல்லை, அவர் எப்பவோ கார்டு புதுப்பிக்காம விட்டுட்டார். மாநாடு முடிஞ்சு நான் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், நீங்க சொன்னதுதான் சரின்னு கட்சி ஒத்துக்கிச்சு தோழர்னு. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'அதுல என் பேர் இருக்கா?'

அதனாலதான் போதாதுங்கிறேன். தப்பை ஒத்துக்கிறது ஒரு வேலை, தப்புன்னு முதல்ல சொன்னவரை ஒத்துக்கிறது இன்னொரு வேலை. முதல் வேலையைக் கட்சிகள் தாமதமாவாவது செய்யுது. ரெண்டாவதை நான் அரிதாத்தான் பார்த்திருக்கேன். அடுத்த தடவை ஒரு தப்பு நடக்கும்போது எழுந்து நிக்கலாமான்னு யோசிக்கிற இளைஞன், போன தடவை எழுந்து நின்னவருக்கு என்ன ஆச்சுன்னுதான் பார்ப்பான், அறிக்கையைப் படிச்சுட்டா இருப்பான்?

கேள்வி: ஜோதி பாசு கட்சி முடிவையே 'வரலாற்றுப் பிழை'ன்னு சொன்னாரே, அவரை ஒண்ணும் பண்ணலையே? அப்ப மார்க்சிஸ்ட் கட்சி விமர்சனத்தைத் தாங்குதுன்னுதானே அர்த்தம்?

பதில்: 1996-ல ஐக்கிய முன்னணி அவரைப் பிரதமராக் கூப்பிட்டுது, கட்சியோட மத்தியக்குழு வேணாம்னு ஓட்டெடுத்து முடிவு பண்ணுச்சு, அவர் முடிவுக்குக் கட்டுப்பட்டார், அப்புறம் ஒரு பேட்டியில அது வரலாற்றுப் பிழைன்னு சொன்னார். கட்டுப்பட்டுட்டு விமர்சனம் பண்றதுக்கு நல்ல உதாரணம் அது, நான் மறுக்கல. ஆனா அவர் அப்ப 19 வருஷமா மேற்கு வங்க முதலமைச்சர், கட்சியோட உச்ச அமைப்பான அரசியல் தலைமைக்குழுவுல (பொலிட்பீரோ) உறுப்பினர். அதே வார்த்தையை ஒரு தாலுகா செயலாளர் பேட்டியில சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இதைவிட எனக்கு மனசுக்கு நெருக்கமானது அதே கட்சியோட பிருந்தா காரத் செஞ்சது. 1998-ல கல்கத்தா காங்கிரஸ்ல, தலைமைக் குழுக்கள்ல பெண்களுக்கு போதுமான இடம் இல்லைன்னு சொல்லி மத்தியக்குழுவுல தனக்குக் கொடுத்த இடத்தையே வேணாம்னுட்டார். 2005-ல அரசியல் தலைமைக்குழுவுக்கு முதல் பெண்ணாப் போனதும் அவர்தான். கட்சி ஆரம்பிச்சு 41 வருஷம் கழிச்சு நடந்துதுன்னு சொல்லி வருத்தப்படலாம், ஆனா எதிர்த்துச் சொன்னவரே உள்ள வந்தாரே, அது முக்கியம். அதே குழுவுக்கு முதல் தலித் உறுப்பினரா ராமச்சந்திர டோம் வந்தது 2022-ல, கண்ணூர் காங்கிரஸ்ல. 1964-க்கும் 2022-க்கும் நடுவுல 58 வருஷம். வெண்மணியில 44 பேர் எரிஞ்சு செத்தப்ப அந்த மக்களோட நின்ன கட்சி அது, அதனாலதான் அந்த 58 என்னை இவ்வளவு உறுத்துது. நடுவுல எத்தனை தோழர்கள் இதைக் கேட்டிருப்பாங்க, கேட்டவங்களுக்கு 'வர்க்கப் பார்வை இல்லை'ன்னு பதில் கிடைச்சிருக்கும்.

கேள்வி: நான் ஒரு பெண் உறுப்பினர். கட்சிக்குள்ள ஒரு தலைவர் மேல புகார் கொடுத்தா உள்ளயே பேசித் தீர்த்துக்கலாம்னு சொல்றாங்க. இது சரியா அக்கா?

பதில்: சரியில்லைம்மா. அது குற்றமா இருந்தா சட்டப்படி எங்க போகணுமோ அங்க போறது உங்க உரிமை, கட்சி அனுமதி அதுக்குத் தேவையில்லை. உள்ளயே பேசித் தீர்க்கிறது எங்க கொண்டுபோய் விடும்னு பிரிட்டன்ல சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்கு நடந்ததைப் பாருங்க. ஒரு முன்னணித் தலைவர் மேல பாலியல் வன்முறைப் புகார். கட்சியோட சொந்த ஒழுங்குக் குழுதான் விசாரிச்சுது, அதுல இருந்தவங்க நிறைய பேர் அவரோட கூட வேலை செஞ்சவங்க. நிரூபிக்கப்படலைன்னு முடிச்சுட்டாங்க. 2013 ஜனவரி மாநாட்டுல அந்தக் குழுவோட அறிக்கை 231-க்கு 209-ன்னு மயிரிழையில தப்பிச்சுது. மாநாட்டுக்கு முன்னாடியே ஃபேஸ்புக்ல இதைப் பத்திப் பேசிக்கிட்டாங்கன்னு நாலு பேரை நீக்கியிருந்தாங்க, பாருங்க, புகார் விசாரணை இழுத்துட்டு இருந்த கட்சி, பேசினவங்களை நீக்குறதுல எவ்வளவு வேகம். அதுக்கப்புறம் நூத்துக்கணக்குல ஆள் வெளியேறினாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க எதிரி இல்லை, வாழ்க்கையையே கொடுத்தவங்க.

உங்க கடிதத்துல சொல்லியிருந்த மத்த விவரத்துக்கெல்லாம் தனியா பதில் எழுதியிருக்கேன். நீங்க தனி ஆள் இல்லை.

கேள்வி: பெரிய கட்சிகள் ஊழல் பண்ணிட்டு ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கிறதில்லை. எங்களை மட்டும் ஏன் இவ்வளவு நோண்டுறீங்க?

பதில்: நாங்க வேற மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க, அதனாலதான். மக்கள் பெரிய கட்சிக்கு ஓட்டு போடறப்ப என்ன கிடைக்கும்னு கணக்குப் போட்டுப் போடறாங்க, உங்களுக்குப் போடறப்ப நம்பிப் போடறாங்க, அந்த நம்பிக்கை உடைஞ்சா மாத்து மருந்து கிடையாது.

பிரிட்டன்ல லிபரல் டெமாக்ரட் கட்சி 2010 எலக்‌ஷன்ல, காலேஜ் ஃபீஸ் உயர்வை எதிர்த்து ஓட்டு போடுவோம்னு மாணவர்கள்கிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச்சு. 57 எம்.பி. ஜெயிச்சு கன்சர்வேடிவ் கட்சியோட கூட்டணி ஆட்சிக்குப் போனதும், அந்த டிசம்பர்லயே உச்ச வரம்பு வருஷத்துக்கு 9,000 பவுண்டுன்னு ஏத்துறதுக்கு கட்சித் தலைமை ஓட்டு போட்டுது. 2012-ல தலைவர் நிக் க்ளெக் மன்னிப்பு கேட்டார், ஆனா எதுக்குன்னு கவனிங்க, வாக்கை மீறினதுக்கு இல்லை, நிறைவேத்த முடியும்னு உறுதியா தெரியாம வாக்கு கொடுத்ததுக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் மக்களுக்குத் தெரியாமலா போகும்? 2015-ல 8 சீட். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ஓட்டெடுப்புல அவங்க எம்.பி.க்கள் 21 பேர் தலைமையை எதிர்த்து ஓட்டு போட்டாங்க, அதுல ஒருத்தரான டிம் ஃபேரனைத்தான் தோல்விக்கப்புறம் உறுப்பினர்கள் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. சொன்னவரைக் கூப்பிட்டு முன்னாடி உட்கார வச்சாங்க. கட்சி உடனே தேறிடல, அது வேற விஷயம், ஆனா செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க.

கேள்வி: விமர்சனத்துக்கும் அவதூறுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

பதில்: விமர்சனம் பண்றவர் பதில் வந்தா கேட்டுக்குவார். அவதூறு பண்றவருக்கு பதிலே தேவைப்படாது. ஆனா முதல் நாளே அவதூறுன்னு முடிவு கட்டிடாதீங்க, கோவமா, கெட்ட வார்த்தையோட, தப்பான இடத்துல சொன்னதுலகூட உண்மை இருக்கும்.

கேள்வி: எல்லாத்தையும் வெளிப்படையா பேசினா கட்சி உடைஞ்சு போகாதா?

பதில்: உடையலாம். உடையாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியன் டெமாக்ரட்ஸ் 1977-ல ஆரம்பிச்ச கட்சி, உறுப்பினர்களே ஓட்டு போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க, எம்.பி.க்கள் மனசாட்சிப்படி ஓட்டு போடலாம், இவ்வளவு திறந்த கட்சி அப்ப அங்க குறைவு. 1999-ல தலைவர் மெக் லீஸ், பிரதமர் ஹோவர்ட் அரசாங்கத்தோட பேசி ஜி.எஸ்.டி.யை நிறைவேத்த உதவினார், அவங்க செனட்டர்கள்லயே ரெண்டு பேர் எதிர்த்து ஓட்டு போட்டாங்க. 2001-ல உறுப்பினர்கள் லீஸை எடுத்துட்டு, எதிர்த்த ரெண்டு பேர்ல ஒருத்தரான நடாஷா ஸ்டாட் டெஸ்போஜாவைத் தலைவராக்கினாங்க. சரியான முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா சக செனட்டர்களே அவரை வேலை செய்ய விடல, அடுத்த வருஷமே ராஜினாமா. 2007 தேர்தலோட செனட்ல ஒரு சீட்டும் மிச்சமில்லாம போச்சு.

ஆனா பேசாம இருந்த கட்சியும் போயிருக்கு. மேற்கு வங்கத்துல 2006-ல மார்க்சிஸ்ட் கட்சி தலைமையில இருந்த இடது முன்னணி 294-ல 235 ஜெயிச்சுது, 'நாங்க 235, அவங்க 30'ன்னு முதலமைச்சர் பேசினதை மக்கள் மறக்கவே இல்லை. 2007 மார்ச் 14-ல நந்திகிராம்ல நிலம் எடுக்கிறதை எதிர்த்த மக்களை போலீஸ் சுட்டு 14 பேர் செத்தாங்க. நிலம் எடுக்கிறது தப்புன்னு முன்னணிக்குள்ள இருந்த சின்னக் கட்சிகள்கூட சொன்னாங்க, கூட இருந்த எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள் தெருவுல இறங்கிச் சொன்னாங்க. 2011-ல 62. 2021-ல பூஜ்யம். 34 வருஷம் ஆண்ட இடத்துல அந்தத் தேர்தல்ல ஒரு எம்.எல்.ஏ.கூட ஜெயிக்கல. எனக்கு இதை எழுதறப்பவே கை கனக்குது, நிலச்சீர்திருத்தம் பண்ணின ஆட்சி, நிலத்தாலயே போச்சு. ரெண்டு வழியிலயும் உடையும்னா, சொல்லிட்டு உடையறதுல கூடவே நின்ன மனுஷங்களாவது மிஞ்சுவாங்கன்னு நான் நம்பறேன்.

கேள்வி: அடுத்த வாரம் எங்க கிளைக் கூட்டம். தலைமை எடுத்த ஒரு முடிவு தப்புன்னு எனக்குத் தோணுது. நான் புதுசு, வயசு 22. எப்படிச் சொல்றது?

பதில்: தம்பி, வாயால மட்டும் சொல்லாதீங்க. ஒரு பக்கத்துல எழுதிக்கிட்டுப் போங்க, எந்த முடிவு, எந்தத் தேதி, அதனால என்ன நடந்துது, அதுக்குப் பதிலா என்ன செஞ்சிருக்கலாம்னு. நோக்கத்தைப் பத்தி, ஆளைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம், 'அவர் வேணும்னே பண்ணாரு'ன்னு ஒரு வரி எழுதினா மீதி பக்கம் முழுக்க வீணாயிடும். கூட்டத்துக்கு முன்னாடி மூத்த தோழர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, அவர் உங்களோட உடன்படணும்னு இல்லை, 'இந்தப் பையன் கேட்கட்டும், பதில் சொல்லுவோம்'னு ஒரு வாக்கியம் அங்க சொன்னா போதும், மத்தவங்க பாயறது பாதியாக் குறையும். பதில் இன்னைக்கே வேணும்னு கேட்காதீங்க, எந்தக் கூட்டத்துல பதில் சொல்வீங்கன்னு தேதி கேளுங்க. நீங்க தப்பா இருந்தா, அங்கயே 'எனக்குப் புரிஞ்சுது, நான் நினைச்சது தப்பு'ன்னு சொல்லிடுங்க, அதைச் சொல்லத் தயங்கினா தலைமைகிட்ட அதைக் கேட்க முடியாது.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி மினிட்ஸ் நோட்டை வாங்கிப் படிங்க. 'தோழர் ஒருவர்'னு இருந்தா அடிச்சுட்டு உங்க பேரை எழுதச் சொல்லுங்க, நீங்க சொன்னதை ஒரு வரியிலயாவது நீங்க சொன்னபடியே எழுதச் சொல்லுங்க. கோவிச்சுக்குவாங்க, பரவால்ல. என்ன நடந்துதுன்னு எழுதுங்க, நல்லபடியா நடந்தாலும் சரி, நடக்கலேன்னாலும் சரி, அடுத்த இதழ்ல இடம் வச்சிருக்கேன்.